வெள்ளைத் தாளில் இல்லாத மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

பொங்கலுக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக மாவு டிரம் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று உருவிவிட்டேன். டிரம் ஆடுகிறது, ஆடட்டும்.

ஈரோட்டு ஹார்மோன் டாக்டரம்மாவின் உத்தரவு. வாய்க்குள் போவது, வலிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நாற்பத்தொன்பது வயதில் வீட்டுப்பாடம்.

ஒரே வருடத்தில் இரண்டு தடவை சிறுநீரகக் கல். மார்ச்சில் மாவுத் தூக்கைத் தூக்கினேன், மணிக்கட்டு முறிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கிடக்கிறது.

"எலும்புல இருக்க வேண்டிய கால்சியம் ரத்தத்துக்கு வந்துட்டிருக்கும்மா. யார் திருடறாங்கன்னு கண்டுபிடிக்கணும்," என்றார் டாக்டரம்மா.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் உளுந்து அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றனவாம். பாராதைராய்டு என்று பெயர். அதில் ஒன்று கெட்டுப்போனால் இப்படித் திருடுமாம். அது விடுகிற ஹார்மோனை ரத்தத்தில் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த திங்கள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்.

இருபத்தைந்து வருடமாக உளுந்து அரைத்து மாவு விற்கிறேன். என் கழுத்திலேயே நாலு உளுந்து இருப்பது இன்றுதான் தெரிந்தது.

காலை இரண்டு இட்லி. மதியம் ரசம் சோறு. தண்ணீர் பதினோரு சொம்பு. வலி: இடுப்பு, முழங்கால், பரிமளம்.

ஜூன் 4, புதன்

பரிமளம் எந்த உறுப்பு என்று டாக்டரம்மா கேட்டால் வம்பு. அதனால் ஒரு முடிவு செய்தேன். டைரி எனக்கு. டாக்டருக்குத் தேவையானதை மட்டும் வெள்ளைத் தாளில் எடுத்து எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பரிமளம் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. ஒரே வாசல், இரண்டு சமையல். அண்ணனும் தம்பியும் ஒரே போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் பாதி வீடு இப்படித்தான், ஆம்பளை இல்லாமல் நடக்கும். நாங்கள் இரண்டு பேரும் பேசி எட்டு வருடம் ஆகிறது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வோம்.

இன்று காலை அவள் தொட்டியிடம் சொன்னாள்: "மோட்டாரை அமத்தாமப் போயிட்டாங்க. கரண்டு மரத்துலயா காய்க்குது."

நானும் தொட்டியிடம் சொன்னேன்: "பக்கத்துல இருந்தவங்க அமத்தினா கை தேஞ்சா போயிரும்."

அந்தத் தொட்டிக்கு வாய் இருந்தால் எப்போதோ வீட்டைக் காலி செய்திருக்கும்.

அவளுக்கு நான் வைத்த பெயர் தேங்காய். நான் கல்யாணமாகி வந்த வருடம் தேர்க் கூட்டத்தில் அவள் சவுரி கழன்று விழுந்துவிட்டது. சின்ன வயதில் டைபாய்டு வந்து முடி போனதாம். என் பின்னல் அப்போது இடுப்புக்குக் கீழே ஆடும். நான் வைத்த பெயரைத் தெருவே பிடித்துக்கொண்டது. மாவு வாங்க வருகிறவர்கள்கூட, "தேங்காயக்கா வீட்டுல இல்லீங்களா?" என்பார்கள். நான் வைக்கிற பெயர் நிற்கும். கைராசி.

காலை ராகிக் களி. அதோடு மஞ்சள் மாத்திரை ஒன்று. இது வெள்ளைத் தாளில் வராது. முடி கொட்டுவதற்குப் போடுகிற வைட்டமின், நாலு மாதமாகப் போடுகிறேன். உள்ளூர்க் கடையில் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று சங்ககிரி வரை பஸ் ஏறிப் போய் வாங்குகிறேன்.

சீப்பில் நாற்பத்தொரு முடி.

ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரர் போனில் ஏற்பாடு செய்துவிட்டார். "தனியாப் போயி மயங்கி விழுந்தா யாரு பாக்கறது. அண்ணிகிட்ட சொல்லிட்டேன், கூட வருவாங்க." ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்குப் பாம்பைத் துணைக்கு அனுப்புகிறார்.

பஸ்ஸில் அவள் முதல் சீட், நான் கடைசிச் சீட்.

என் வெள்ளைத் தாளை டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையெழுத்து புரியவில்லையாம். பரிமளம் கை நீட்டி வாங்கி, பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல வாசித்தாள். "மதியம் கொள்ளு ரசம். சாயங்காலம் கொள்ளு ரசம். அடுத்த நாளும் கொள்ளு ரசமுங்க." குதிரை லாயத்துக் கணக்கை ஒப்பிப்பது மாதிரி ஒரு குரல்.

"எரிச்சல், கோபம் வருதா? கால்சியம் ஏறினா அப்படி வரும்," என்றார் டாக்டரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அது இருபத்தாறு வருசமா இருக்குதுங்க. அத்தனைக்கும் சுண்ணாம்புதான் காரணமுங்களா?"

டாக்டரம்மா குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

லேப்பில் ரத்தம் எடுத்தது ஜாஸ்மின் என்று ஒரு பெண். குழாயை உடனே ஐஸ் டப்பாவில் வைத்தாள். "என்ற ரத்தத்துக்கு மட்டும் என்ன கண்ணு ராஜ மரியாதை?" என்றேன். "இந்த ஹார்மோன் சீக்கிரம் கெட்டுப்போயிருங்கக்கா." "இட்லி மாவுன்னு சொல்லு." விழுந்து விழுந்து சிரித்தாள். பரிமளம் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

கணக்கு இடிக்கிறது. சுண்ணாம்பு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஹார்மோன் குறைந்தது பதினைந்தாவது இருக்க வேண்டுமாம், எனக்கு எட்டு.

"சுரப்பி திருடலைம்மா. அது சும்மாதான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. நல்ல சேதி என்று நினைத்து நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார். சுரப்பி எடுக்கவில்லை என்றால் எலும்பை வேறு ஏதோ அரிக்கிறது. மார்பு, நுரையீரல், வயிறு, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். புற்றாக இருக்கலாம் என்பதை அவர் மூன்று சுற்றுச் சுற்றிச் சொன்னார். பரிமளம் சுற்றாமல் கேட்டாள். "கேன்சருங்களா?"

"பார்க்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். முதல் சீட்டு கிடைக்காமல் அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். என் தலையைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்று தோன்றியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

களி. மாத்திரை ஒன்று. ஐம்பத்தாறு முடி.

ஜூன் 18, புதன்

நாலு நாளாக மெஷினுக்குள் போய்ப் போய் வருகிறேன். எதிலும் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லும்போது டாக்டரம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. "இல்லைன்னா ஏன் ஏறுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். சுண்ணாம்பு இன்னும் ஏறுகிறது. இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும், நெஞ்சு நின்றாலும் நிற்கும் என்றார்.

ஹார்மோனை இன்னொரு தடவை பார்க்கப் போகிறாராம். அப்போதும் குறைவாக இருந்தால் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பாராம். போர் போடுகிறவன் பெண்டாட்டிக்கே போர் போடப் போகிறார்கள். இதைச் சொல்லி எதிர்வீட்டு டீச்சரைச் சிரிக்க வைத்தேன். டீச்சர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி ஜாஸ்மின், மறுபடி ஐஸ் டப்பா. இந்தத் தடவை ஊசி போடும் முன்னால் நிறுத்திக் கேட்டாள்.

"அக்கா, முடிக்கு, நகத்துக்குன்னு வைட்டமின் மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களா? பயோட்டின்னு பேரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பரிமளம் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நுரையீரல் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம். வேண்டியவங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க, அவங்களுக்குக் குடு," என்றேன்.

ஜாஸ்மின் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பே வருவதில்லை.

ஜூன் 21, சனி

சங்ககிரி போனேன். லேப்பில் ஏன் அந்த மாத்திரையைக் கேட்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரரிடம் சாடையாக விசாரித்தேன்.

"சில டெஸ்ட்ல மெஷினை ஏமாத்திப்போடுமுங்க. நெறைய இருக்கறதைக் கொறச்சுக் காட்டும். டாக்டர்கிட்ட சொல்லிப்போட்டு, நிறுத்திட்டுத்தான் ரத்தம் குடுக்கோணும். ஏனுங்க, யாருக்கு?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு," என்றேன்.

வந்த வேலையை மறக்கக்கூடாதே. இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஹார்மோன் ஏழு. ஊசி ஜூலை ஒன்றாம் தேதி.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச வேண்டும் என்றேன். போனை எடுத்த பெண், "டாக்டர் ஓ.பி.ல இருக்காங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க, உங்க கூட வர்ற அட்டெண்டர் நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்றேன்," என்றாள். அட்டெண்டர் நம்பர் யாருடையது என்றேன். பரிமளம்னு போட்டிருக்கு என்றாள். வைத்துவிட்டேன்.

வெள்ளைத் தாளில் எழுதினாலும் அவள்தான் வாசிப்பாள். "காலை மஞ்சள் மாத்திரை. முடி வளரதுக்குங்க." அந்தக் குரல் இப்போதே காதில் கேட்கிறது. தெரு முழுக்கக் கேட்கும். எனக்கு என்ன பெயர் வைப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு அந்தத் திறமை கிடையாது. ஆனாலும் வைப்பாள்.

மாத்திரையை இன்று காலை போடவில்லை. பொழுது சாய்ந்ததும் மனசு கேட்காமல் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

மாவு அரைக்க ஆள் வைத்திருக்கிறேன். கையைத் தூக்க முடியவில்லை. வாந்தி. சாயங்காலம் வாசலில் ஒரு தூக்குப்போசியில் கஞ்சி இருந்தது. "சூடு ஆறுனா குடிக்கறதுக்கு ஆகாது," என்று தொட்டியிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். உப்பு இல்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

படுத்துக் கிடந்தால் பழசெல்லாம் வருகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சபையில் எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். கலகலப்பாக இருக்கட்டுமே என்று நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன்: "பின்னலை இழுத்துப் பாத்துக்கோங்க. இந்த வூட்டுல முடி அப்பப்பக் கழண்டு வரும்." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாகூடச் சிரித்தார். மூன்றாம் நாள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பரிமளம் வந்து என் வாசலில் நின்று, "வெளையாட்டுக்குச் சொன்னேன்னு அவங்களுக்கு ஒரு போன் போடு," என்றாள். தமாஷுக்கு யாராவது சாட்சி சொல்வார்களா. நான் போடவில்லை. அதற்கப்புறம் வந்த இடமெல்லாம் தட்டிப்போனதற்கு நானா பொறுப்பு. ஐந்து வருடம் கழித்து ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

சுகன்யாவுக்கு அடர்த்தியான முடி. ஒரு கைக்குள் அடங்காது. பன்னிரண்டு வயது வரை அவளுக்குத் தலை சீவிவிட்டது நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை, காலை வேளையில் கை சும்மா இருக்கும்.

முடி எண்ணவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பொறுமையாக எழுதுகிறேன்.

ஊசி போடும் முன்னால் டாக்டரம்மா அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கையெழுத்து கேட்டார்கள். கூட வந்தவரும் போட வேண்டுமாம். பரிமளம் பேனாவைத் திறந்துகொண்டாள். டாக்டரம்மா கேட்டார்:

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன் குணவதி. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

பரிமளத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் என் வாசலில் நின்று பார்த்தாளே, அதே பார்வை.

"முடி கொட்டுதுன்னு மாத்திரை போடறனுங்க," என்றேன். "பயோட்டினு. அஞ்சு மாசமா. நேத்தும் போட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பரிமளம் பேனாவை மூடினாள். தன் மணிபர்சைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காலி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் மஞ்சள் மாத்திரை அட்டை.

"வாசல் கூட்டறது நான்தானுங்க," என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். "குப்பையில கெடந்துச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? இவங்க உயிர்ல விளையாடறீங்களா ரெண்டு பேரும்?"

"அவ வாயில இருந்து வரோணுமுங்க."

டாக்டரம்மா எங்களைத் திட்டிய திட்டை எழுதினால் இந்த டைரி போதாது. மாத்திரை உடம்பை ஒன்றும் செய்யவில்லை, மெஷினைத்தான் ஏமாற்றியிருக்கிறது. அது இல்லாமல் பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை சுண்ணாம்பு இறங்க வார்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். ஊசி இன்றைக்கு இல்லை.

வார்டில் படுக்கைக்குப் பக்கத்தில் அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டி இல்லாததால் நேராகவே பேச வேண்டியிருந்தது.

"நான் சொல்லாமயே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நான் சொல்லியிருப்பேன்."

"எப்போ?"

"ஊசி போட்ட பொறவு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கேட்டாள்: "என்ற புள்ளைக்கு அது சொந்த முடின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியுமுங்கக்கா." அக்கா என்பது தானாக வந்துவிட்டது.

"பொறவு ஏன் சொன்னே?"

தமாஷுக்கு என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

"அன்னைக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அஞ்சு வருசம் அந்தப் புள்ள வெளிய தலைகாட்டல. தெரியுமா உனக்கு."

"சுகன்யா நம்பர் குடுங்க. நான் பேசறேன்."

"மாட்டேன்," என்றாள். எழுந்து போய் எனக்கு மோர் வாங்கி வந்தாள். அதிலும் உப்பு இல்லை.

ஜூலை 14, திங்கள்

சனிக்கிழமை எடுத்த ரத்தம். ஹார்மோன் நூற்று எழுபத்தொன்று.

திருடன் அகப்பட்டான். இடது பக்கம், கீழ் உளுந்து. உளுந்து மொச்சைக்கொட்டை ஆகிவிட்டதாம். எடுத்துவிட்டால் தீர்ந்தது, புற்று இல்லவே இல்லை. ஆடியில் கத்தி வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் போனில் இழுத்தார். சுரப்பிக்கு ஆடி, ஆவணி தெரியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

தெருவில் இன்னும் யாருக்கும் மாத்திரை விஷயம் தெரியவில்லை. தினமும் காது கொடுத்துக் கேட்கிறேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

ஆபரேஷன் காலை பதினொன்றுக்கு. பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

கழுத்தில் கை வைக்கப் போவதால் தலையை இரட்டைப் பின்னல் போட்டு மேலே தூக்கிக் கட்ட வேண்டுமாம். நர்ஸ் அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் வந்து பரிமளம் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மூட அங்கியில் முந்தானை இல்லை.

அவள் சீப்பைப் போட்டு மெதுவாகத்தான் வாரினாள். வகிடு எடுத்தபோது உச்சந்தலையில் அவள் விரல் பட்டது. முடி இருந்தால் அப்படிப் படாது. பின்னி முடித்தாள். பின்னல் எலிவால் மாதிரி இருந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்து அவள் சொல்லலாம், நான் திரும்பி உட்கார்ந்திருந்தேன், கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

சீப்பில் வந்ததைச் சுருட்டி ஒரு காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தாள். "இருபத்தொம்பது. நானே எண்ணிட்டேன்." நான் எண்ணுவதும் வாசல் கூட்டுகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சுகன்யா நம்பரு," என்றேன்.

"மொதல்ல கண்ணு முழிச்சு வா. குடுக்கறதா வேண்டாமான்னு பொறவு யோசிக்கறேன்."

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. வளையல், மூக்குத்தி, செல்போன், கையில் இருப்பது எல்லாவற்றையும் கூட வந்தவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். இந்த டைரியையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். நான் உள்ளே இருக்கிற மூன்று மணி நேரமும் அவளுக்கு வேறு வேலை இல்லை. படித்துவிடுவாள். பாம்பு என்று எழுதியது இருக்கிறது. ஜூன் 27 இருக்கிறது.

கிழிப்பதற்கு நேரம் இருந்தது. ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை.